பிஞ்ச் குருவிக்கு இலையான் புழு: வளர்ப்பது, சுத்தமாக்குவது, வைத்திருப்பது

சீப்ரா பிஞ்ச் சோடி ஒன்றை வாங்கிவந்தால் முதல் சில மாதம் தினை, சாமை, தண்ணீர், கம்பியில் செருகிய ஒரு கணவாய் ஓடு என்று பிரச்சினையில்லாமல் போய்விடும். சோடி கூடு கட்டி, முட்டையிட்டு, 12 முதல் 14 நாளில் குஞ்சு பொரித்த பிறகுதான் கேள்விகள் வரும். யாராவது ஒருவர், "புழு குடுங்க, குஞ்சு மளமளவெண்டு வளரும்" என்பார். எங்கே எடுப்பது என்று கேட்டால் மீன் சந்தையின் பின்பக்கத்தைக் காட்டுவார். அந்தப் பின்பக்கத்துக்குப் போகாமலே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு வீட்டு வளவுக்குள் நல்ல புழு எப்படி எடுப்பது, எடுத்ததை இந்த வெயிலில் எப்படி வைத்திருப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாருக்குப் புழு தேவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீப்ரா பிஞ்சும் பெங்காலீஸ் என்ற பிஞ்ச் வகையும் புழு இல்லாமலே குஞ்சு வளர்க்கும். அவித்த முட்டையை நசித்துக் கொடுத்து, முளைவிட்ட தினையும் கொஞ்சம் கீரையும் வைத்தால் போதும். புழு கொடுத்தால் குஞ்சு இன்னும் திடமாக வரும், அவ்வளவுதான். வெக்ஸ்பில் வகைச் சிறு குருவிகளின் கதை வேறு. அவை காட்டில் பூச்சி பிடித்தே குஞ்சுக்கு ஊட்டுபவை. பூச்சி, புழு இல்லாவிட்டால் பொரித்த குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும், அல்லது ஊட்டாமல் விட்டுவிடும்.

குஞ்சு இல்லாத காலத்தில் கிழமைக்கு ஒருதரம், ஒரு குருவிக்கு இரண்டு மூன்று புழு போதும். தினமும் அள்ளிப் போட்டால் குருவி கொழுக்கும். அதோடு ஓயாமல் முட்டையிடத் தொடங்கி, பெட்டைக் குருவி தேய்ந்துபோகும். புழு கொடுப்பதில் ஆர்வம் கூடிப்போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மீன் கழிவில் எடுக்கும் புழு ஏன் கூடாது

வாவிக்கரை ஊரில் மீன் தலைக்கும் குடலுக்கும் பஞ்சமில்லை. கோழிக்கடைக் கழிவும் அப்படித்தான். ஒரு வாளியில் போட்டு வைத்தால் மறுநாளே புழு நெளியும். நாட்டுக்கோழிக்குச் சிலர் இப்படிக் கொடுத்தும் வருகிறார்கள். "கோழி தின்னுது, குருவி தின்னாதா?" என்ற கேள்வி அங்கேயிருந்துதான் வருகிறது.

அழுகும் இறைச்சியின் உள்ளே காற்றுப் போகாது. அந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து ஒரு நச்சை உண்டாக்கும். புழு அந்த இறைச்சியைத் தின்னும்போது நச்சும் சேர்ந்து புழுவுக்குள் போகிறது. புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கொழுகொழுவென்று ஓடித் திரியும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதைத் தின்ற பறவைக்குத்தான் முதலில் கால் தளரும், இறகு தொங்கும், பிறகு கழுத்து நிற்காமல் சாயும். காட்டு வாத்துகளில் இந்த நோயை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நச்சேறிய புழு மூன்று நான்கைத் தின்றாலே ஒரு வாத்துக்கு நோய் வந்துவிடும் என்பது அதில் தெரிந்த விஷயம். வாத்து ஏறத்தாழ ஒரு கிலோ. உங்கள் சீப்ரா பிஞ்ச் 12 கிராம் அளவில்தான் இருக்கும்.

கொதிநீரில் ஒருதரம் போட்டெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த நச்சு அழிய 85 பாகை செல்சியஸ் சூட்டில் குறைந்தது 5 நிமிடம் நிற்க வேண்டும். கிருமியின் வித்துகள் அதற்கும் அசையாது. ஆகவே மீன், இறைச்சி, செத்த எலி, கருவாட்டுத் தூள், எதுவும் வேண்டாம். தூண்டில்காரர்களுக்கு என்று சாயம் போட்டு வெளிநாடுகளில் விற்கிற புழுவும் அதே காரணத்தால் குருவிக்கு ஆகாது: அது எதைத் தின்று வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

இறைச்சிக்கு வருகிற இலையானும் வேறு. பச்சையாகவும் நீலமாகவும் மினுங்கும் பெரிய இலையான்கள் இரத்த வாடைக்கும் அழுகலுக்கும் வரும். அவற்றில் ஒரு இனம் உயிருள்ள மாட்டின் புண்ணிலேயே முட்டையிடுவது. அதையெல்லாம் வீட்டு வளவுக்கு அழைக்கக் கூடாது. நமக்கு வேண்டியது சாப்பாட்டு மேசையில் வந்து உட்காரும் சாதாரண சாம்பல் நிற வீட்டு இலையான்தான். அதன் புழுவும் சின்னது. முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீற்றர் அளவுதான் வரும், பிஞ்ச் குருவியின் அலகுக்குச் சரியாக இருக்கும்.

தவிட்டுக் கலவை

கோதுமைத் தவிடு மாட்டுத்தீனி விற்கும் கடைகளில் கிடைக்கும். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நெல் ஆலைத் தவிடு இலேசாகக் கிடைக்கும். அதிலும் செய்யலாம், ஆனால் அரிசித் தவிட்டில் எண்ணெய் கூட. ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே காறல் வாசம் வந்துவிடும். வாங்கின அன்றே தாச்சியில் போட்டு, சூடு ஏற வறுத்து, ஆறவிட்டு, இறுக்கி மூடும் போத்தலில் போடுங்கள். உமி கலந்த தவிடு என்றால் ஒருதரம் அரித்துக்கொள்ளுங்கள். மாரியில் வெளியே விட்டால் எந்தத் தவிடானாலும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட தவிட்டைப் புழுவுக்குப் போடுவதும் குருவிக்குப் போடுவதும் ஒன்றுதான். வீசிவிடுங்கள்.

ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவில் முக்கால்வாசி தவிடு, ஒரு மேசைக்கரண்டி பால்மா, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பால்மா விலைக்கு வீட்டில் ஏச்சு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று துளி வர வேண்டும். ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் தவிடு போடுங்கள். உதிர்ந்தால் குறைந்துவிட்டது. அழுத்தி நிரப்பாமல், காற்றுப் போக இளக்கமாக, நாலு விரல் உயரத்துக்கு மட்டும் நிரப்புங்கள்.

ஒரு நாளில் அப்ப மா புளித்த வாசம் வரும். அதுதான் சரியான வாசம். மூக்கில் குத்தும் மூத்திர நெடி வந்தால் கலவை நனைந்து காற்றில்லாமல் கெட்டுப்போய்விட்டது. அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகச் செய்யுங்கள்.

முதல் ஈட்டுப் புழு குருவிக்கு இல்லை

கலவை வைத்த டப்பாவைக் காலையில் நிழலான இடத்தில் மூடாமல் வையுங்கள். நாலைந்து மணித்தியாலத்தில் இலையான் வந்து தவிட்டின் வெடிப்புகளுக்குள் முட்டையிட்டுவிடும். முட்டை வெள்ளையாக, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில், கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு மெல்லிய துணியால் வாயை மூடி ரப்பர் பட்டி போட்டுவிடுங்கள். துணியை மூடாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் புது முட்டை சேர்ந்து, சின்னதும் பெரியதுமாகப் புழு கலந்துபோய் எதையும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது.

நம் ஊர் வெயிலில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிக்கும். அடுத்த நாலைந்து நாளில் புழு முழு வளர்ச்சிக்கு வந்துவிடும்.

இந்த முதல் ஈட்டை ஆசைப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்த இலையான் எங்கே உட்கார்ந்து வந்ததோ தெரியாது. கானிலும் குப்பையிலும் நடந்த காலோடுதான் உங்கள் தவிட்டிலும் நடந்திருக்கும். முதல் ஈட்டுப் புழுவை அப்படியே கூட்டுப்புழுவாக விடுங்கள். புழு உலர்ந்த மூலைக்கு ஒதுங்கி, சுருங்கி, செம்மண் நிறத்தில் உருண்டையாகும். அந்த உருண்டைகளை மட்டும் பொறுக்கி, தண்ணீரில் அலசி, ஈரம் வடிந்ததும் வலைக் கூட்டுக்குள் வையுங்கள். ஒரு கிழமைக்குள் இலையான் வெளிவரும். இனி இதுதான் உங்கள் தாய் இலையான் கூட்டம். இவற்றின் பிள்ளைகள்தான் குருவிக்கு.

வலைக் கூட்டுக்குப் பெரிதாகச் செலவில்லை. நாலு சட்டம் அடித்து நுளம்பு வலையைச் சுற்றினால் சரி, அல்லது அகன்ற வாளியின் வாயில் வலையைக் கட்டினாலும் சரி. கையை உள்ளே விட ஒரு வழி வேண்டும். பழைய ரீசேட்டின் கையை வெட்டி, வலையில் ஓட்டை போட்டுத் தைத்துவிட்டு, வேலையில்லாத நேரம் அதை முடிச்சுப் போட்டு வைத்தால் ஒன்றும் தப்பாது. உள்ளே ஒரு மூடியில் சீனியும் பால்மாவும் சரிபாதி கலந்து வையுங்கள். இன்னொரு மூடியில் தண்ணீரில் நனைத்த ஸ்பொன்ஞ். திறந்த தண்ணீர் வைத்தால் இலையான் விழுந்து சாகும். சீனி மட்டும் போட்டால் இலையான் உயிரோடிருக்கும், முட்டையிடாது. முட்டைக்குப் பால்மாவின் புரதம் வேண்டும்.

வெளிவந்து ஒரு கிழமைக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். அப்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரத் தவிட்டுக் கலவையை ஒரு கரண்டி வைத்து, மேலே நனைந்த துணித்துண்டைச் சுருட்டி வையுங்கள். மடிப்புக்குள் முட்டையிடும். சுண்டுவிரல் நகமளவு முட்டைக் கொத்து ஒரு டப்பாத் தவிட்டுக்குப் போதும். கூடப் போட்டால் தீனி பற்றாமல் எல்லாம் வளர்ச்சி குன்றிய புழுவாகத்தான் வரும்.

பிரிப்பதும், கறுப்புக் கோடும்

புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. இதை வைத்தே பிரிக்கலாம். ஒரு அரிதட்டில் கலவையைப் பரப்பி, கீழே வெறும் தட்டொன்றை வைத்து, காலை இளவெயிலில் வையுங்கள். வெளிச்சத்துக்குப் பயந்து கீழே கீழே இறங்கி, அரிதட்டின் கண்ணுக்குள்ளால் விழுந்துவிடும். மேலே உள்ள தவிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் வழித்தெடுத்துக்கொண்டே போனால் கால் மணித்தியால வேலை. பத்து மணிக்குப் பிறகு செய்ய வேண்டாம். நடு வெயிலில் தட்டுச் சூடேறி, விழுந்த புழுவெல்லாம் செத்துப் போகும்.

இப்போது ஒரு புழுவை வெள்ளைத் தட்டில் போட்டுக் கிட்ட வைத்துப் பாருங்கள். கூரான பக்கம் தலை. அதில் கறுப்பாக ஒரு சின்னக் கொக்கி உள்ளும் வெளியும் போய்வரும், அதுதான் வாய். மொட்டையான பின்பக்கத்தில் இரண்டு புள்ளி தெரியும். கண் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் அது மூச்சுவிடும் துவாரம். தலையை இரைக்குள் புதைத்துக்கொண்டு பின்னால் மூச்சு எடுக்கிற பிராணி இது. அடுத்து, தலைக்குச் சற்றுப் பின்னால் தோலுக்குள்ளே ஒரு கருமையான கோடோ புள்ளியோ தெரிகிறதா பாருங்கள். அது கடைசியாகத் தின்ற இரை. அது தெரியும் வரைக்கும் புழு குருவிக்குத் தயாரில்லை.

அந்தக் கோடு மறைய, தின்ன ஒன்றும் இல்லாத உலர்ந்த இடத்தில் புழுவை விட வேண்டும். முதலில் அரிதட்டிலேயே வைத்துச் சுத்தமான தண்ணீரில் வேகமாக ஒருதரம் அலசி, பழைய துணியில் கொட்டி ஈரத்தை ஒற்றியெடுங்கள். பிறகு வறுத்து ஆறிய உலர்ந்த தவிட்டிலோ ரவையிலோ போட்டு நிழலில் வையுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஈரமில்லாத தவிட்டைப் புழுவால் தின்ன முடியாது. புரண்டு புரண்டு உடம்பைத் துடைத்துக்கொள்ளும், உள்ளே இருப்பதை வெளியே விட்டுவிடும்.

குளிர் நாட்டுப் புத்தகங்களில் இதற்கு இரண்டு மூன்று நாள் என்று போட்டிருக்கும். நம் ஊரில் அவ்வளவு நேரம் கிடைக்காது. 30 பாகையில் முழுதாக வளர்ந்த புழு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் கூட்டுப்புழுவாகிவிடும். ஆகவே முழு வளர்ச்சிக்கு அரை நாள் முந்தியே, நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போதே பிரித்தெடுங்கள். பின்னேரம் உலர்தவிட்டில் போட்டால் அடுத்த நாள் பின்னேரம் அநேகமாகக் கோடு மறைந்திருக்கும். பத்துப் புழுவை எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டில் கோடு இருந்தாலும் இன்னும் சில மணித்தியாலம் விடுங்கள். சிலது இதற்கிடையில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக உருண்டுவிடும். அதனால் நட்டமில்லை, இளநிறக் கூட்டுப்புழுவையும் குருவி தின்னும். கரும்பழுப்பானவற்றை மட்டும் ஒதுக்குங்கள், அதற்குள் இலையான் முக்கால்வாசி ஆகிவிட்டது.

பிரிட்ஜில் வைப்பது

வீட்டில் சொல்லாமல் பிரிட்ஜில் புழு வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டு, இறுக்கமான இன்னொரு பெட்டிக்குள் போட்டு, வெளியில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே மரக்கறி வைக்கும் தட்டில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். அந்த இடத்தில் குளிர் மேல்தட்டைவிடக் குறைவு, 8 பாகைப் பக்கம் நிற்கும். நம் நாட்டு இலையான் புழுவுக்கு அது போதும். உறைகுளிருக்குப் பக்கத்தில் வைத்தால் மயக்கத்தோடு நிற்காது, செத்துவிடும்.

டப்பா அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். புழுவும் உலர்தவிடும் சேர்ந்து இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஏனென்றால் புழு நெருங்கிக் கிடந்தால் தானே சூடு உண்டாக்கும். நடுவிலே உள்ளது வியர்த்து நனையும், நனைந்ததும் மூச்சு முட்டிச் சாகும். செத்தது அழுகி மற்றதையும் கெடுக்கும். ஆழமான போத்தலில் நிரப்பி வைத்து, மறுநாள் திறந்தவுடன் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் வீசியவர்கள் நிறையப் பேர். மூடியில் குண்டூசியால் நிறைய ஓட்டை போடுங்கள். ஆணியால் போட்ட ஓட்டைக்குள்ளால் புழு வெளியே வந்துவிடும். இன்னும் நல்லது, மூடியில் பெரிய வட்டம் வெட்டி, மெல்லிய துணியை உள்ளே வைத்து மூடுவது.

வழுக்கலான பிளாஸ்டிக் சுவர் உலர்ந்திருந்தால் புழுவால் ஏற முடியாது. ஒரு துளி ஈரம் பட்டால் போதும், உடம்பு ஒட்டிக்கொண்டு மேலே போகும். டப்பாவை வெளியே எடுத்துத் திறந்து வைத்திருக்கும்போது, நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த சுவரில் உடனே நீர் கோக்கும். அதனால் எடுத்தோமா, கரண்டியால் அள்ளினோமா, சுவரை உலர்ந்த துணியால் துடைத்து மூடினோமா என்றிருக்க வேண்டும். மாரி மாதங்களில் டப்பாவின் அடியிலும் மேலும் உலர்ந்த தவிட்டை ஒரு படை தூவுங்கள், ஈரத்தை அது குடிக்கும்.

இரண்டு நாளுக்கு ஒருதரம் வெளியே எடுத்து, தட்டில் கொட்டி, ஒரு பத்து நிமிடம் விடுங்கள். உயிருள்ளது நெளியத் தொடங்கும். நெளியாமல் நீண்டு கிடப்பதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு, தவிட்டையும் மாற்றி மறுபடி உள்ளே வையுங்கள். ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வைப்பதுதான் புத்தி. அதற்கு மேல் வைத்தால் உயிரோடு இருந்தாலும் மெலிந்து, தோல் சுருங்கி, உள்ளே சத்தில்லாமல் போகும்.

நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் உயிரோடு வைக்கும் ஆசையை விடுங்கள். கோடு மறைந்த புழுவைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, துணியில் உலர்த்தி, ஒருநேரத் தேவையாகச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டி ஐஸ் பெட்டியில் போடுங்கள். எடுத்ததை மறுபடி உறைய வைக்கக் கூடாது. குஞ்சு வளர்க்கும் சோடிக்கு இதைக் கொடுப்பதில் ஒரு குறையும் நான் காணவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உயிர்ப்புழுவைவிட இதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். ஓடாது, கூட்டுக்குள் போகாது, இலையானாகாது.

கரண்ட் போனால்

சில மணித்தியாலம் என்றால் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுவதே போதும். நாள் முழுக்க என்றால் மண்சட்டிதான் துணை. பெரிய சட்டிக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை வைத்து, அதற்குள் புழு டப்பாவை இறக்கி, மேலே ஈரச்சாக்குப் போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் இது நன்றாக வேலை செய்யும், காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும். மாரியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் சட்டி குளிராது. அப்போது கரண்ட் போனால் யோசிக்காமல் கொதிநீரில் போட்டு, அன்றைக்கும் மறுநாளுக்கும் வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கோழிக்குப் போடுங்கள்.

குருவிக்குக் கொடுப்பது

நேர் விளிம்புள்ள, இரண்டு சென்டிமீற்றர் உயரமான கண்ணாடிக் கிண்ணமோ சில்வர் மூடியோ எடுங்கள். உலர்ந்திருக்க வேண்டும். குருவி உட்காரும் தடிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், எச்சம் விழும். பிரிட்ஜில் இருந்து எடுத்ததை உடனே வைக்காமல், அறைச் சூட்டுக்கு வந்து நெளியத் தொடங்கியதும் வையுங்கள். நெளிவைப் பார்த்துத்தான் குருவி கிட்ட வரும்.

புழுவே கண்டிராத குருவி முதலில் தொடாது. சில சோடி பயந்து கூட்டின் மறுகோடிக்குப் போய்விடும். நசித்த முட்டைக்குள் நாலைந்து அவித்த புழுவைக் கலந்து வைத்தால் தற்செயலாக ஒன்று அலகில் படும். பழகிய குருவி ஒன்று அதே கூட்டில் இருந்தால் மற்றது பார்த்துப் பழகிவிடும். பெங்காலீசில் சிலது கடைசி வரைக்கும் தொடாது. வற்புறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

குஞ்சு பொரித்த முதல் பத்து நாள்தான் புழுவின் தேவை கூட. காலையில் வெளிச்சம் வந்தவுடன் ஒருதரம், பின்னேரம் மூன்று மணிக்கு ஒருதரம். ஒரு சோடிக்கு ஒரு நேரத்துக்கு அரைத் தேக்கரண்டி வைத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலத்தில் முடிந்தால் அடுத்த தரம் கொஞ்சம் கூட்டலாம், மிஞ்சினால் குறைக்கலாம். மிஞ்சியதைக் கூட்டில் விட வேண்டாம். இடையில் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். புழுவை நம்பி ஊட்டத் தொடங்கிய வெக்ஸ்பில் சோடி, புழு நின்றதும் குஞ்சைக் கைவிடலாம். குஞ்சு 18 முதல் 21 நாளில் கூட்டைவிட்டு இறங்கும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைத்து விதைக்குக் கொண்டுவாருங்கள்.

உயிரோடு விழுங்கிய புழு குருவியின் வயிற்றைத் துளைத்துவிடும் என்று ஒரு கதை இருக்கிறது. புழுவின் வாய்க் கொக்கிக்குச் சுரண்டத்தான் தெரியும், கடித்துத் துளைக்காது. குருவியின் அரைவைப்பைக்குள் போனால் அதோடு கதை முடிந்தது. உண்மையான தொந்தரவு வேறிடத்தில் இருக்கிறது. கிண்ணத்திலிருந்து தப்பிய புழு ஈரமான கூட்டுக்குள் புகுந்து எச்சத்தில் தங்கிவிடும். நோஞ்சான் குஞ்சோ, உடம்பில் புண்ணோ இருந்தால் ஆபத்து. சின்னக் குஞ்சுள்ள கூட்டுக்கு அவித்த புழுவையே கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இலையான் புழுவில் புரதம் உண்டு, சுண்ணாம்பு போதாது. முட்டையிடும் பெட்டைக்குக் கணவாய் ஓடு எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். கல்லடிக் கடற்கரையில் பொறுக்கியது என்றால் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து உப்பை எடுத்து, அவித்து, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள்.

எறும்பு, புகை, அயல்வீடு

சின்னச் சிவத்த எறும்பு ஒரே இரவில் டப்பாவைக் காலியாக்கிவிடும். மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது பழைய வழி, நல்ல வழி. ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, கிழமைக்கு இரண்டுதரம் கொட்டி மாற்றுங்கள். இல்லாவிட்டால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரும்போது இலையானுக்கும் நுளம்புக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நுளம்புக்குப் புகை விசிற வருகிறார்கள் என்று அறிவித்தால் இலையான் கூட்டையும் புழு டப்பாவையும் குருவிக் கூட்டையும் வீட்டின் உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். புகை பட்ட புழுவைக் குருவிக்குக் கொடுக்க வேண்டாம். நுளம்புத்திரி, ஸ்பிரே எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கைக்குக் கரண்டி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அரிதட்டும் தனி. குசினித் தொட்டியில் அலச வேண்டாம், வெளிக் குழாயடியில் செய்யுங்கள். வேலை முடிந்ததும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கையில் காயம் இருந்தால் கட்டிக்கொண்டு தொடுங்கள்.

வேறு புழுக்கள்

மீல்வோர்ம் சில பறவைக் கடைகளில் கிடைக்கும். தோல் தடிப்பு, பிஞ்ச் குருவிக்குத் தோல் உரித்து வெள்ளையாக இருக்கும் சின்னதுதான் சரி. மரக்கறிக் கழிவில் தானாக வரும் பிளாக் சோல்ஜர் இலையான் புழுவில் சுண்ணாம்பு நிறைய உண்டு. ஆனால் அது இரண்டு சென்டிமீற்றருக்கு மேல் வளர்வது, ஆகவே சின்னப் பருவத்திலேயே எடுக்க வேண்டும். அதைப் பிரிட்ஜிலும் வைக்க முடியாது, குளிருக்குச் சாகும். கோழிக்கு அது பொன், குருவிக்கு இரண்டாம்பட்சம்.

வேண்டாததை அகற்றுவது

புழு எடுத்த பிறகு மிஞ்சும் தவிட்டுக்குள் எப்போதும் சில முட்டையும் குட்டிப் புழுவும் இருக்கும். அப்படியே குப்பையில் கொட்டினால் ஒரு கிழமையில் ஒழுங்கை முழுக்க இலையான். வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, ஆறியதும் வாழைக்கடியில் ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள். தாய் இலையான் கூட்டம் இரண்டு மூன்று கிழமையில் கிழடாகி முட்டை குறையும். அதற்கு முன்பே ஒரு பிடி கூட்டுப்புழுவை அடுத்த கூட்டத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய கூட்டை அப்படியே கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு பகல் வையுங்கள். பிறகு கழுவிக் காயவிட்டு மறுபடி பாவிக்கலாம்.